ஒட்டும் கைப் பயிற்சி சண்டையில் எங்கே தொடங்குகிறது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்கிறேன். ஒன்றரை ஆண்டாக விங் சுன் எனும் தென்சீனத் தற்காப்புக் கலையைக் கற்கிறீர்கள். வகுப்பில் பாதி நேரம் ‘ச்சீ சாவ்’ எனப்படும் ஒட்டும் கைப் பயிற்சியிலேயே கழிகிறது. அதில் உங்களுக்கு மூத்த மாணவர்களோடு ஈடுகொடுக்கும் அளவுக்குக் கை பழகிவிட்டது. ஆனால், ஆறு மாதம் மட்டுமே குத்துச்சண்டை பழகிய நண்பரோடு கையுறை மாட்டி நின்றபோது அவருடைய குத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக முகத்தில் விழுந்தன. உங்கள் கை எதிலும் ஒட்டவில்லை. ஆகவே அந்தப் பயிற்சி ஏமாற்று வேலையா என்று கேட்கிறீர்கள். இதற்கு முன் பதில் எழுதிய சிலர் இதை ‘விங் சுன் பெரிதா, பாக்சிங் பெரிதா’ என்ற பட்டிமன்றமாக மாற்றிவிட்டார்கள். நீங்கள் கேட்டது அதுவல்ல என்று நினைக்கிறேன். இருவர் ஒத்துழைத்துச் செய்யும் பயிற்சியில் கிடைத்த திறமை, ஒத்துழைக்க மறுக்கும் ஆளிடம் செல்லுபடியாகுமா என்பதே உங்கள் கேள்வி. அது மிகவும் நியாயமான கேள்வி.

நான் யார் என்பதையும் என் எல்லை எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், ஹாங்காங்கில் விங் சுன்னைப் பரப்பிய இப் மான் வழியில் வந்த ஒரு சீன சிஃபுவிடம் (ஆசானிடம்) பதினான்கு ஆண்டுகள் கற்றேன். அதன்பின் மூன்று ஆண்டுகள் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போனேன். இப்போது சிறு குழு ஒன்றுக்குச் சொல்லித் தருகிறேன். போட்டி மேடையில் ஏறியதில்லை. தெருவில் யாரோடும் கைகலந்ததும் இல்லை. விங் சுன்னில் வேறு பல கிளைகள் உண்டு. அவற்றைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. கீழே எழுதுவதில் ‘என் அனுபவம்’ என்று சொல்பவற்றை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

கான்டனீஸ் மொழியில் ‘ச்சீ’ என்றால் பிசினைப் போல ஒட்டுதல், ‘சாவ்’ என்றால் கை. (நம் காதில் அது முகஞ்சுளிக்கும் சொல்லாக விழுவதால், முதல் வகுப்பில் நானும் என் தம்பியும் சிரித்துத் திட்டு வாங்கினோம்.) இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொள்கிறார்கள். ஒருவருடைய கை உள்ளங்கை மேல்நோக்கிய ‘தான் சாவ்’ நிலைக்கும், முழங்கை உயர்ந்து மணிக்கட்டு தாழ்ந்த ‘போங் சாவ்’ நிலைக்கும் மாறி மாறிச் செல்கிறது. எதிராளியின் கை அதன்மேல் ‘ஃபூக் சாவ்’ ஆகப் படிந்து அதைப் பின்தொடர்கிறது. இந்த உருட்டலின் வடிவத்தை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். உள்ளே இருக்கும் வேலை வேறு. முழங்கையிலிருந்து முன்னோக்கி மெல்லிய அழுத்தம் ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். தள்ளுகிறான் என்று எதிராளிக்குத் தோன்றாத அளவுக்குக் குறைவாகவும், அவன் கை விலகிய கணத்தில் உங்கள் கை தானாகவே முன்னால் பாயும் அளவுக்குப் போதுமானதாகவும் அது இருக்க வேண்டும். ‘வருவதை இருத்து, போவதை வழியனுப்பு, கை விடுபட்டால் நேரே பாய்’ என்று இதைப் பழைய வாய்மொழி ஒன்று சுருக்கிச் சொல்கிறது. நம்மில் பலர் முதல் இரண்டையும் பழகிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறோம்.

நான் கற்றுக்கொண்ட ஒரு நாளைச் சொன்னால் இது விளங்கும். மூன்றாம் ஆண்டு என்று நினைவு. சிஃபு ஒரு துண்டால் என் கண்ணைக் கட்டிவிட்டுக் கைகளைப் பொருத்தினார். உருட்டத் தொடங்கி ஐந்தாறு சுற்றுக்குள் அவருடைய உள்ளங்கை என் நெஞ்சில் மெதுவாக வந்து அமர்ந்தது. மறுபடியும் உருட்டினோம், மறுபடியும் அதே இடத்தில் அதே கை. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, அவர் எதுவும் பேசாமல் என் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் இரண்டு விரல்களை வைத்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளினார். அவ்வளவுதான். அடுத்த முறை அவர் கை உள்ளே வர முயன்றபோது என் முன்கையில் மோதி நின்றது. நான் நினைக்கும் முன்பே என் மற்றக் கை அவர் தோளைத் தொட்டிருந்தது. போங் சாவிலிருந்து தான் சாவுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் என் முழங்கை வெளியே மிதந்து, உடலின் நடுக்கோட்டில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. கண்ணாடியில் பார்த்தும் அது எனக்குத் தெரிந்ததில்லை. தன் உடலின் ஓட்டையை இன்னொருவர் கை வழியாக அறிவதற்கு இதைவிட நல்ல கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை.

இப்போது, இந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்லப்படுவதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரிக்கலாம். கண்ணால் பார்த்து எதிர்வினை செய்வதைவிடத் தொடுதலை உணர்ந்து எதிர்வினை செய்வது விரைவானது என்று எல்லா விங் சுன் ஆசிரியர்களும் சொல்வார்கள். அது உண்மைதான். எளிய சோதனைகளில் பார்வைக்கு ஏறத்தாழ 0.2 நொடியும், தொடுதலுக்கு ஏறத்தாழ 0.15 நொடியும் ஆகின்றன. ஆனால் அந்தச் சிறு இடைவெளியைப் பிடித்துக்கொண்டு ‘தொட்டவுடன் வெற்றி’ என்று கட்டடம் எழுப்புவது மிகை. என் கணிப்பில், ஒட்டும் கை தரும் பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. முன்கைகள் சேர்ந்திருக்கும்போது எதிராளியால் செய்யக்கூடியவை குறைந்துபோகின்றன. அவன் தள்ளலாம், இழுக்கலாம், விலகலாம், சுற்றி வரலாம், அதற்கு மேல் அதிகமில்லை. தேர்வுகள் குறையும்போது எவருடைய எதிர்வினையும் விரைவாகும். இதில் மாயம் எதுவுமில்லை. தொடர்பு இல்லாத தூரத்தில் இந்த லாபம் முழுவதும் காணாமல் போகும் என்பதையும் இதிலிருந்தே ஊகித்துவிடலாம்.

உங்கள் நண்பர் உங்களை அடித்தது அந்தத் தூரத்திலிருந்துதான். ச்சீ சாவ் தொடங்கும்போதே இருவரும் முன்கை அளவு நெருக்கத்தில் நிற்கிறார்கள்; காலை ஊன்றியிருக்கிறார்கள்; கைகள் ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கின்றன. சண்டையில் மிகக் கடினமான பகுதி அந்த நெருக்கத்துக்கு அடிபடாமல் போய்ச் சேர்வது. அந்தப் பகுதியைத் தாண்டி வந்துவிட்டதாக வைத்துக்கொண்டுதான் இந்தப் பயிற்சியே ஆரம்பிக்கிறது. குத்துச்சண்டைக்காரரின் ஜாப் எனும் நேரான விரைவுக் குத்து, வந்த வேகத்திலேயே திரும்பிவிடும். ஒட்டுவதற்கு அங்கே கை நின்றுகொண்டிருப்பதில்லை. அவர் தலையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மேலும், நடுக்கோட்டைக் காப்பதற்கே பழகிய நம் கைகளுக்கு, பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக் ஓர் அந்நியப் பொருள். நான் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போன முதல் மாதம், பதினான்கு ஆண்டுப் பயிற்சியைச் சுமந்துகொண்டு நின்றவனுக்கு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இடக்கண்ணுக்குக் கீழே நீலம் பூக்க வைத்தான். அவன் குத்தை நான் பார்த்தேன். என் தான் சாவும் எழுந்தது. ஆனால் அது எழுந்தபோது அவன் கை வீடு திரும்பியிருந்தது. பெரிய கையுறை முன்கை உணர்வைக் கெடுக்கிறது என்று நானும் அப்போது சாக்குச் சொன்னேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்ச உண்மை என் கண்ணைக் காப்பாற்றவில்லை.

ஆனால் இரண்டாவது மாதத்தில் நடந்ததையும் சொன்னால்தான் கணக்கு நேராகும். அதே பையன் களைத்துப்போய் என்மேல் சாய்ந்து, கைகளைக் கட்டிப்போடும் ‘கிளிஞ்ச்’ பிடி போட வந்தபோது, என் கைகள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கின. அவன் கை என் தோளில் விழுந்த அழுத்தத்திலிருந்தே எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று தெரிந்தது. அவன் முழங்கையை அழுத்தி, உள்ளே நுழைந்து, இரண்டு குட்டைக் குத்துகள் போட முடிந்தது. பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, ‘நெருக்கத்தில் உனக்குக் கை நன்றாக வருகிறதே, எங்கே கற்றாய்’ என்று கேட்டார். மல்யுத்தக்காரர்கள் நின்ற நிலையில் ஒருவர் கையை ஒருவர் பற்றி இடம் பிடிப்பதும், தாய்லாந்துக் குத்துச்சண்டையில் கழுத்துப் பிடிக்குள் கைகள் போட்டியிடுவதும் இந்தத் திறமைக்கு நெருங்கிய உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே உங்கள் ஒன்றரை ஆண்டு வீணாகவில்லை. அது ஒரு நீளமான பாலத்தின் அக்கரைத் துண்டு. இக்கரைத் துண்டு இன்னும் கட்டப்படவில்லை.

இந்த இக்கரைத் துண்டு முன்பு எங்கே இருந்தது என்பது சுவையான விஷயம். தென்சீனாவின் ஃபோஷான் நகரிலிருந்து ஹாங்காங் வந்த இப் மான், 1950இல் உணவகத் தொழிலாளர் சங்கத்தில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவரிடம் வந்தவர்களில் பலர் இளைஞர்கள். மற்றப் பள்ளி மாணவர்களோடு மொட்டைமாடிகளிலும் பூட்டிய அறைகளிலும் ‘பெய் மோ’ எனப்பட்ட மோதல்களுக்குப் போய்வந்தவர்கள். அவற்றில் பெயர்பெற்றவர் வோங் ஷுன் லியுங்; புரூஸ் லீக்கு அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அவர் எத்தனை மோதல்களில் வென்றார் என்று உலவும் எண்ணிக்கைகளை நான் நம்புவதும் இல்லை, மறுப்பதும் இல்லை; அவற்றை யாரும் ஏட்டில் குறித்து வைக்கவில்லை. ஆனால் அந்தத் தலைமுறையினர் வகுப்பில் கை உருட்டிவிட்டு, அதே வாரத்தில் அந்நியன் ஒருவன் முகத்துக்கு நேரே நின்று அதைச் சோதித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ச்சீ சாவ் அவர்களுக்கு இரண்டு மோதல்களுக்கு இடையே நடந்த பழுதுபார்ப்பு. பின்னால் வந்த நமக்கோ பழுதுபார்க்கும் பட்டறை மட்டும் மிஞ்சியது. வண்டியை யாரும் சாலையில் ஓட்டவில்லை.

சாலையில் ஓட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் படம்பிடித்த சாட்சியே இருக்கிறது. 1954 ஜனவரியில் மக்காவ் நகரில், வூ குடும்பத் தாய் ச்சியின் தலைவர் வூ கோங்யிக்கும், வெள்ளைக்கொக்கு முறையைச் சேர்ந்த சான் ஹக் ஃபூவுக்கும் நன்கொடை திரட்டுவதற்காக ஒரு போட்டி நடந்தது. இருவரும் தத்தம் கலையில் மதிக்கப்பட்ட ஆசான்கள். பதிவைப் பார்த்தால் தாய் ச்சியின் உருண்ட அசைவையும் காணோம், கொக்கின் சிறகையும் காணோம். இருவரும் கையை அகல வீசி மாறி மாறி அடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் சுற்றில் நடுவர்கள் நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்று முடித்துவிட்டார்கள். அவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அச்சமும் மூச்சிரைப்பும் ஏறும்போது, அந்த அச்சத்திலும் மூச்சிரைப்பிலும் பழகாத நுட்பம் உடலைவிட்டு முதலில் வெளியேறுகிறது. புரூஸ் லீயும் 1964இன் இறுதியில் அமெரிக்காவின் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேன் என்ற சீனத் தற்காப்புக் கலைஞரோடு மோதியபோது இதே பாடத்தைக் கற்றார் என்கிறார்கள். அந்த மோதல் சில நிமிடங்களா, இருபது நிமிடங்களுக்கும் மேலா என்பதில்கூட இரு தரப்பும் ஒத்துப்போவதில்லை. அதற்குப்பின் அவர் உடல்திறன் பயிற்சியிலும் காலசைவிலும் தீவிரமாக இறங்கினார் என்பது மட்டும் உறுதி. இந்தக் கவலை புதிதும் அன்று. 16ஆம் நூற்றாண்டில் சீனாவின் மிங் அரசின் படைத்தளபதி ச்சி ஜிகுவாங், வெறுங்கைப் பயிற்சி பெரும்போருக்கு நேரடியாகப் பயன்படாது, ஆனால் கைகால்களைப் பழக்கி ஆயுதக் கலைக்குள் நுழையும் வாயிலாக அது உதவும் என்று எழுதினார். பார்க்க அழகான, போருக்கு உதவாத ‘பூ வேலை’ அசைவுகளை அவர் கடுமையாக வெறுத்தார்.

மற்றப் பயிற்சிகளைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ‘சியூ நிம் தாவ்’ எனும் முதல் கோவையை, பாதங்களை உள்நோக்கித் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே ஆட்டுக்குட்டியை இடுக்கியதுபோல் நின்று மெதுவாகச் செய்வதன் பலன், தோளை இறுக்காமல் முழங்கையை உள்ளே வைக்கப் பழகுவதே. அதில் ‘ச்சி’ எனும் உள்ளாற்றல் ஓடுகிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்; வியர்வை ஓடுகிறது. தனியாக அடித்துப் பழகும் மரக்கட்டையான ‘மர மனிதனுக்கு’ மூன்று கைகளும் ஒரு காலும் உண்டு. ஃபோஷானில் அதை மண்ணில் புதைத்து நட்டார்கள். ஹாங்காங்கின் மாடி வீடுகளில் புதைக்க மண் இல்லாததால் இரு குறுக்குச் சட்டங்களில் தொங்கவிட்டார்கள், அதனால் அதற்கு ஒரு துள்ளலும் கிடைத்தது. அது திருப்பி அடிக்காது, ஆனால் இளகியும் கொடுக்காது. கோணம் தவறினால் உங்கள் முன்கை எலும்பு உடனே சொல்லிவிடும். பலர் அலட்சியம் செய்யும் நீளக் கம்பத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். எட்டடிக்கும் நீளமான அந்தக் கனத்த கட்டையை ஒரு முனையில் பிடித்துக் குத்தி நிறுத்திப் பாருங்கள். இடுப்பும் தோளும் சேராமல் அது அசையாது. நம் தொடர் குத்துகள் வெறும் கைவீச்சாக, கனமின்றி விழுவதற்கு அதுவே நல்ல மருந்து.

நம்ப வேண்டாதவற்றில் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘எங்கள் அடி உயிரைப் பறிக்கும், அதனால் பயிற்சி மோதல் செய்வதில்லை’ என்று உங்கள் ஆசிரியர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அசையும் முகத்தில் முஷ்டியை இறக்க முடியாதவர், அதே முகத்தில் கட்டைவிரல் அளவே உள்ள கண்ணில் விரல்நுனியை எப்படி இறக்குவார்? ஓர் அங்குலத் தூரத்திலிருந்தே போடும் ‘ஓரங்குலக் குத்தில்’ ஆள் பின்னால் நாற்காலியில் போய் விழுவதைக் காட்டுவதும் அப்படித்தான். திறமை உண்மையானது, ஆனால் ஒருவரை நகர்த்துவதும் காயப்படுத்துவதும் ஒன்றல்ல, அந்தக் காட்சியில் பெரும்பகுதி தள்ளுதல். இந்தக் கலையை ஙு முய் என்ற துறவிப் பெண் உருவாக்கினார், ஆகவே இது வலிமை குறைந்தவர் வலிமை மிகுந்தவரை வெல்லும் முறை என்ற வாதமும் கதையின்மேல் நிற்கிறது. அவர் வாழ்ந்ததற்கு ஆவணம் இல்லை. ஓரளவு உறுதியாகக் கால் ஊன்றக் கிடைப்பவர் 19ஆம் நூற்றாண்டில் ஃபோஷானில் வைத்தியம் பார்த்த லியுங் ஜான்தான். நம்மவர் யாரேனும் போதிதர்மரை இங்கே இழுத்து வருவதற்குள் ஒரு வார்த்தை: அவரை உடற்பயிற்சி முறையோடு இணைக்கும் எழுத்து 17ஆம் நூற்றாண்டினது, விங் சுன்னோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது. ஒட்டும் கையை நிறுத்தாதீர்கள். அதன் தொடக்கத்தை மாற்றுங்கள். ஒரு கூட்டாளியை இரண்டு கை தூரத்துக்கு அப்பால் நிறுத்தி, மெல்லிய கையுறையோடு, ஜாப் மட்டும் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் நீங்கள் திருப்பி அடிக்க வேண்டாம். ‘பாக் சாவ்’ எனும் தட்டும் கையால் குத்தைத் தட்டி, அவர் கை திரும்பும் அதே கணத்தில் அதன் பின்னாலேயே காலை எடுத்து வைத்து உள்ளே போங்கள். ‘போவதை வழியனுப்பு’ என்ற வரிக்கு நான் இப்போது கொடுக்கும் பொருள் இதுதான்: திரும்பும் கையை வாசல்வரை விட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குள் நுழைந்துவிடுவது. நுழைந்து முன்கை தொட்டதும் உங்கள் ச்சீ சாவ் தொடங்கட்டும். மூன்று நொடி வேலை செய்துவிட்டு விலகி மறுபடி வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். அது கைவந்தபின் ஹூக்கைச் சேர்த்து, காதை ஒட்டி முழங்கையை உயர்த்தி மூடப் பழகுங்கள். இது நம் கோவைகளில் வெளிப்படையாக இல்லை, குத்துச்சண்டையிலிருந்து நான் வெட்கமின்றிக் கடன் வாங்கியது. அதன்பின் அவர் எதையும் போடலாம் என்ற நிலையில் இரண்டு நிமிடச் சுற்றுகள். வாரத்தில் ஒரு நாள் போதும். என் குழுவில் மூன்று, நான்கு மாதங்களில் மாற்றம் தெரிந்தது. மிகச் சிலரோடு செய்து பார்த்தது என்பதால் உங்களுக்கும் அதே கணக்கு என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பற்காப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். தலையில் விழும் அடி பாதி வேகத்துக்கு மேல் வேண்டாம். தலைவலியோ குமட்டலோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், அதற்குமேல் அந்த விஷயத்தில் சொல்ல நான் ஆள் இல்லை. ஆசிரியரை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு, மேலே சொன்ன முதல் பயிற்சியை வகுப்பு முடிந்தபின் பத்து நிமிடம் செய்ய உங்கள் சிஃபுவிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள் என்பதே என் பதில். என் சிஃபுவிடம் நான் கேட்டபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அலமாரிக்கு மேலிருந்து தோல் வெடித்த பழைய கையுறை ஒரு சோடியை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் கொடுத்தார்.